ஊட்டி உயரத்தில் 100 நாட் என்றால் எவ்வளவு?

மேட்டுப்பாளையத்தில் வாங்கின சிப்ஸ் பாக்கெட்டை ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் எடுத்துப் பாருங்க. பலூன் மாதிரி உப்பியிருக்கும். உள்ளே இருப்பது அதே காற்றுதான், வெளியேதான் அழுத்தம் குறைஞ்சிருக்கு. கடல் மட்டத்தில் சுமார் 1013 மில்லிபார். 2240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் கிட்டத்தட்ட 770. நாலில் ஒரு பங்கு காணோம்! விமானத்தின் வேகமானி இந்தக் காற்றை நம்பித்தான் வேலை செய்யுது.

பைக்கில் சக்கரம் சுத்துவதை வெச்சு வேகம் சொல்லிடலாம். வானத்தில் அது நடக்காது. அதனால பிட்டோ குழாய். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் ரீடிங் எடுத்தோமே, அதேதான். எதிரே வந்து முட்டும் காற்றின் மொத்த அழுத்தத்திலிருந்து, பக்கவாட்டு ஓட்டையில் கிடைக்கும் நிலை அழுத்தத்தைக் கழிச்சா வருவது: அடர்த்தி × வேகத்தின் வர்க்கம் ÷ 2. கடல் மட்டத்தில் 100 நாட், அதாவது மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் இந்த வித்தியாசம் வெறும் 1620 பாஸ்கல். மானோமீட்டரில் 16.5 செ.மீ. தண்ணீர். அவ்வளவுதான்!

சிக்கல் என்னன்னா, சாதாரண வேகமானிக்கு அடர்த்தி தெரியாது. எங்கே பறந்தாலும் கடல் மட்டத்து 1.225 கிலோதான்னு நினைச்சுக்கிட்டு முள்ளை நகர்த்தும். 15 டிகிரி வெயிலடிக்கும் ஊட்டியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 0.93 கிலோதான். அங்கே அதே 1620 பாஸ்கல் வரணும்னா விமானம் 115 நாட்டில் போகணும். முள் மட்டும் 100 காட்டும். முள் காட்டுவதை ஐ.ஏ.எஸ். என்பார்கள் (கலெக்டர் இல்லைங்க, இண்டிகேட்டட் ஏர்ஸ்பீட்). காற்றுக்குள் உண்மையில் போகும் வேகம் ட்ரூ ஏர்ஸ்பீட். அதோடு காற்று வீசும் வேகத்தைக் கூட்டியோ கழிச்சோ வருவது கிரவுண்ட் ஸ்பீட்.

அப்போ முள் பொய் சொல்லுதா? இறக்கையைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லும். தூக்குவிசையும் அதே அடர்த்தி × வேக வர்க்கத்தில்தான் நிக்குது. அதனால எடை மாறாத வரை, சென்னையில் எந்த ஐ.ஏ.எஸ்.-இல் விமானம் ஸ்டால் ஆகுமோ, ஊட்டி மேலேயும் ஏறக்குறைய அதிலேயே ஆகும். செஸ்னா 172எஸ் டயலைப் பாருங்க: பச்சை வளைவு 48 முதல் 129 நாட் வரை, மஞ்சள் 163 வரை, அங்கே சிவப்புக் கோடு. அதைத் தாண்டவே கூடாது. இந்த நிறமெல்லாம் ஐ.ஏ.எஸ். கணக்கில் தீட்டினது.

ஆனா மலைக்கு இந்தக் கணக்கு தெரியாது. 30 டிகிரி சாய்ச்சுத் திருப்பினால், 100 நாட்டில் வளைவின் ஆரம் சுமார் 467 மீட்டர்; 115 நாட்டில் 618. முழுசா யு டர்ன் போட 300 மீட்டர் கூடுதல் அகலம் வேணும். முள் ரெண்டு இடத்திலும் 100தான். பள்ளத்தாக்குக்குள்ள நுழைஞ்சிட்டு இதை யோசிச்சா லேட்.

ஹெலிகாப்டர் இன்னும் வில்லங்கம். எம்.ஐ.-17இன் ரோட்டார் விட்டம் 21.3 மீட்டர், நிமிஷத்துக்கு 192 சுற்று. நுனி வேகம் நொடிக்கு 214 மீட்டர். மணிக்கு 230 கி.மீ.யில் முன்னே போகும்போது ஒரு பக்க இறக்கை காற்றை 278இல் சந்திக்கும், பின்வாங்கும் பக்கம் 150இல்தான். மெல்லிய காற்றில் அந்தப் பக்கம்தான் முதலில் ஸ்டால் ஆகும். அதனால உயரம் கூடக் கூட ஹெலிகாப்டரின் வேக வரம்பு குறைஞ்சுக்கிட்டே வரும். ஒரே சிவப்புக் கோடு போதாது.

எம்.ஐ.-17ன்னதும் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்கும். 2021 டிசம்பர் 8. சூலூரில் காலை 11.48க்குக் கிளம்பிய எம்.ஐ.-17வி5, 12.15க்கு வெலிங்டனில் இறங்க வேண்டியது. சுமார் 380 மீட்டரிலிருந்து 1850 மீட்டருக்கு ஏற வேண்டிய பயணம். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. குன்னூர் பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 13 பேர் அன்றே இறந்தார்கள். குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி டிசம்பர் 15 அன்று போனார். ரயில் பாதையில் நின்றவர்கள் எடுத்த வீடியோவில் ஹெலிகாப்டர் பனிமூட்டத்துக்குள் மறைவதை நம்மில் பலர் பார்த்திருப்போம்.

ஸ்பீடாமீட்டர் தப்பு காட்டியதால் விழுந்தது என்று யாரும் கதை கட்ட வேண்டாம். முப்படை விசாரணையின் முதற்கட்ட முடிவு, 2022 ஜனவரியில் வந்தது: எந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. வானிலை திடீரென மாறி மேகத்துக்குள் நுழைந்ததும் விமானிக்குத் திசையுணர்வு குழம்பியது. கட்டுப்பாட்டில் இருந்த ஹெலிகாப்டரே மலையில் மோதியது.

கட்டுப்பாட்டில் இருக்கும்போதே மோதுவது எப்படின்னு முதலில் எனக்கும் புரியலை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். சும்மா ஒரு உதாரணத்துக்கு மணிக்கு 200 கி.மீ.ன்னு வெச்சுக்குவோம். நொடிக்கு 55 மீட்டர். குன்னூர் மூட்டத்தில் 100 மீட்டர் கண்ணுக்குத் தெரிஞ்சாலே பெரிசு. எதிரே மரம் தெரிவதற்கும் அதைத் தொடுவதற்கும் நடுவில் ரெண்டு நொடிகூட இல்லை. அந்த ரெண்டு நொடியிலும் வேக முள் வரம்புக்குள், சரியான இடத்தில்தான் நின்றிருக்கும்.