பொன்மலைப் பக்கத்துப் பட்டறைக்கு எந்த சி.என்.சி. லேத்?

கோவையில் பம்ப் ஷாஃப்ட் கடைகிறவருக்குக் கைகொடுத்த லேத், திருச்சியில் பொன்மலையிலோ துவாக்குடியிலோ பட்டறை நடத்துகிறவருக்கும் கைகொடுக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அங்கே சின்ன விட்டம், ஒரே ஜாப் ஆயிரக்கணக்கில் ஓடும். இங்கே 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த ரயில்வே பணிமனையும், 1965-இல் வந்த பெல் ஆலையும் வேறொரு வேலையைப் பழக்கிவிட்டன. ஃபிளாஞ்ச், வால்வு பாகம், புஷ் என்று பெரிய விட்டம், கெட்டியான அலாய் ஸ்டீல், ஒரு ஆர்டருக்குப் பத்துப் பதினைந்து உருப்படி.

கேட்லாக்கில் முதலில் கண்ணில் படுவது ஸ்பிண்டிலின் அதிகபட்ச வேகம்: 4,000 சுற்று, 4,500 சுற்று. நம் வேலைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 மி.மீ. ஃபிளாஞ்சை நிமிடத்துக்கு 120 மீட்டர் வெட்டுவேகத்தில் கடைய ஸ்பிண்டில் சுமார் 150 சுற்றுதான் சுற்ற வேண்டும். மோட்டார் 11 கிலோவாட் என்று போட்டிருக்கும். அந்த முழுச் சக்தி 1,000 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கும் என்றால், 150 சுற்றில் கைக்கு வருவது 1.7 கிலோவாட்கூட இல்லை. 3 மி.மீ. ஆழம், 0.3 மி.மீ. ஃபீட் கொடுத்தால் அலாய் ஸ்டீலுக்கு 4 கிலோவாட்டுக்கு மேல் வேண்டும். மெஷின் திணறும், இன்சர்ட் உடையும். ஆகவே விற்பனையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது சக்தி–டார்க் வரைபடம். பெரிய விட்டமே உங்கள் பிழைப்பு என்றால், கியர் பெட்டியுள்ள ஸ்பிண்டிலுக்குக் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்காதீர்கள்.

அடுத்தது வழித்தடம். எல்.எம். கைடு விரைவாக ஓடும், உராய்வு குறைவு. சின்ன ஜாப்புக்கு அதுவே சிறந்தது. ஆனால் போல்ட் துளை போட்ட ஃபிளாஞ்சின் முகத்தைக் கடையும்போது டூல் ஒவ்வொரு துளையிலும் விட்டு விட்டு மோதும். அந்த அதிர்வைத் தாங்குவதில் பாக்ஸ் வேதான் கெட்டி. ஓட்டம் கொஞ்சம் மெதுவானாலும் பரவாயில்லை, பத்து உருப்படி ஆர்டரில் நேரம் போவது செட்டிங்கில்தான்.

அதனால்தான் கன்ட்ரோலரையும் இந்தக் கண்ணோடு பார்க்கச் சொல்கிறேன். ஃபேனக் தெரிந்த ஆபரேட்டர் எளிதாகக் கிடைப்பார். ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் மெஷின் நிற்காது. சீமென்ஸில் ஷாப்டர்ன் வசதியோடு வாங்கினால், டிராயிங்கில் உள்ள அளவுகளைத் திரையில் கொடுத்தே புரோகிராம் போட்டுவிடலாம். தினம் ஒரு புது ஜாப் வரும் பட்டறைக்கு அது பெரிய உதவி. உங்களிடம் நிலைத்து நிற்கும் ஆள் இருந்தால் சீமென்ஸ், இல்லையேல் ஃபேனக் என்பேன்.

கோவை எல்.எம்.டபிள்யூ., பெங்களூரு ஏஸ், ராஜ்கோட் ஜோதி என உள்நாட்டிலேயே நல்ல தயாரிப்புகள் இருக்கின்றன. பெயரை வைத்து முடிவு செய்யாமல், சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரில் குடியிருக்கிறார், உதிரி பாகம் எங்கிருந்து வரும் என்று கேளுங்கள். திருச்சியிலேயே அதே மாடலை ஓட்டும் பட்டறை எது என்று விசாரித்து, அங்கே போய் ஆபரேட்டரிடமே பேசுங்கள்.

விலை பேசும் முன் உங்கள் ஃபிளாஞ்சையும் உங்கள் மெட்டீரியலையும் எடுத்துப்போய் அவர்கள் மெஷினில் கடையச் சொல்லுங்கள். காலையில் முதல் உருப்படியையும், ஸ்பிண்டில் நான்கு மணி நேரம் ஓடிச் சூடேறிய பின் கடைந்ததையும் ஆறவிட்டு ஒரே மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். கடைசித் தவணைப் பணம், இதே சோதனை உங்கள் பட்டறைத் தரையிலும் தேறிய பிறகுதான் என்று ஆர்டரிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.