சட்ட ஆலோசனை: ட்ரைக்ளோர் தொட்டியில் வேலை பார்த்தவருக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 41. கல்பாக்கம் பக்கத்தில் ஒரு வால்வு ஒர்க்‌ஷாப்பில் ஒப்பந்தக்காரர் மூலம் மூன்றரை வருடம் வேலை பார்த்தார். மாதம் 16,000 ரூபாய் சம்பளம். அங்கே மொத்தம் 14 பேர். கடைசல் முடிந்து வரும் இரும்புப் பாகங்களை வலைக்கூடையில் போட்டு, சூடான ட்ரைக்ளோர் தொட்டியில் இறக்கி, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி எடுப்பதுதான் அவர் வேலை. முதலில் தலைசுற்றல் வந்தது. அப்புறம் கையில் தோல் உரிந்தது. வாயைச் சுற்றி மரத்துப்போனது. 2024 ஏப்ரல் இரண்டாவது வாரத்தோடு வேலைக்குப் போக முடியாமல் நின்றுவிட்டார். அரசு மருத்துவமனையில் கல்லீரல் பாதித்திருக்கிறது என்றார்கள். கம்பெனியில் போய்க் கேட்டோம். இது சாதாரண கரைப்பான், அதன் விவரத் தாளில் ‘தீங்கு தரக்கூடியது’ என்றுதான் போட்டிருக்கிறது, விஷப் பொருள் இல்லை என்று சொல்லி 30,000 ரூபாய் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டுப் பையன் செல்போனில் பார்த்து, இது புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகை என்கிறான். இதில் எது உண்மை? அதை வைத்துக் கேஸ் போடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புதுப்பட்டினம்

பதில்: பையன் சொன்னது சரி. கம்பெனி காட்டிய தாளும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை, பழைய தாளாக இருக்கலாம். ட்ரைக்ளோர் என்று பட்டறையில் சொல்லும் ட்ரைகுளோரோஎத்திலீனை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் 2ஏ பிரிவில், அதாவது ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது பெரும்பாலும் சாத்தியம்’ என்ற பிரிவில் வைத்திருந்தது. 2012இல் கூடிய நிபுணர் குழு அதை முதல் பிரிவுக்கு ஏற்றியது. சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கிடைத்த சான்றுகளே அதற்கு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் இது 1பி வகைப் புற்றுநோய்ப் பொருள். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் ஊரிலேயே இன்னொரு கரைப்பான் இருக்கிறது. அணு எரிபொருள் மறுசுழற்சியில் பயன்படும் ட்ரைபியூட்டைல் பாஸ்பேட்டை ஐரோப்பா ‘சந்தேகத்துக்குரியது’ என்ற 2ஆம் வகையில் வைத்திருக்கிறது. உங்கள் கணவர் கை வைத்த திரவம் அதைவிட ஒரு படி மேலே நிற்கிறது.

நம் நாட்டில் 1989ஆம் ஆண்டின் அபாயகர இரசாயன விதிகள் நச்சுத்தன்மையை வேறு கோலால் அளக்கின்றன. விழுங்கினால், தோலில் பட்டால், மூச்சில் போனால், எவ்வளவு அளவில் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்பதே அந்தக் கணக்கு. வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சில் போய் உறுப்பைக் கெடுப்பதோ, புற்றுநோயோ அந்தக் கோலில் சிக்காது. அதில் அளந்தால் ட்ரைக்ளோர் கொடிய விஷமாகத் தெரியாது. கம்பெனி உங்களிடம் காட்டியது இந்தச் சௌகரியத்தைத்தான்.

ஆனால் அம்மா, உங்கள் வழக்கு இந்த வகைப்பாட்டில் நிற்கவில்லை. அவருக்குப் புற்றுநோய் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. புற்றுநோய் வகை என்று மனுவில் பெரிதாக எழுதினால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, புற்றுநோய் எங்கே என்று ஒரே கேள்வி கேட்டு உட்கார்ந்துவிடுவார். முகமையின் பிரிவு எண் சான்று எவ்வளவு உறுதியானது என்பதை மட்டும் சொல்கிறது. எவ்வளவு காலத்தில் யாருக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்வதில்லை.

வழக்கைத் தீர்மானிக்கும் இடம் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம், 1923இன் மூன்றாம் அட்டவணை. அதன் ‘பி’ பகுதியில், ஹைட்ரோகார்பன்களின் நச்சுத்தன்மையுள்ள ஆலஜன் வழிப்பொருட்களால் வரும் நோய்கள் தொழில்சார் நோய்களாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. குளோரின் ஓர் ஆலஜன். ட்ரைகுளோரோஎத்திலீன் குளோரின் ஏறிய ஹைட்ரோகார்பன். அட்டவணைக்குள் வர இது போதும், லேபிளில் மண்டை ஓடு போட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதம் அந்த வேலையில் இருந்து, வேலையில் இருக்கும்போதே நோய் வந்திருந்தால், பிரிவு 3(2)இன்படி அது வேலையில் நேர்ந்த விபத்துக் காயமாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று நிரூபிக்கும் பாரம் முதலாளி தலையில் விழும். வேலையை விட்ட பிறகு நோய் வந்தது என்றால் பாரம் உங்கள் பக்கம் திரும்பிவிடும். அட்டவணையில் இல்லாத நோயென்றால், குறிப்பிட்ட ஒரு விபத்திலிருந்து நேரடியாக வந்தது என்று காட்டியாக வேண்டும். வருடக்கணக்கில் ஆவி சுவாசித்தவரால் அதைக் காட்டவே முடியாது.

ஆகவே நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டு. தொட்டியில் இருந்தது ட்ரைக்ளோர்தான் என்பது ஒன்று. வேலையில் இருக்கும்போதே உடம்பு கெட்டது என்பது மற்றொன்று. இந்த இரண்டுக்கும் உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது? கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றுகூட இல்லை.

இங்கே கொஞ்சம் கடுமையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது. 2024 ஏப்ரலில் அவர் வீட்டில் உட்கார்ந்தார். நீங்கள் எழுதியிருப்பது 2026 பிப்ரவரியில். இந்தச் சட்டத்தில் மனு போட இரண்டு ஆண்டுதான் அவகாசம். தொழில்சார் நோயில், உடம்பு முடியாமல் தொடர்ந்து வேலைக்குப் போகாத முதல் நாளையே விபத்து நடந்த நாளாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் உங்களுக்கு ஏப்ரல் இரண்டாவது வாரத்தோடு கெடு முடிகிறது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது மார்ச் பிறந்திருக்கும். தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் இழப்பீட்டு ஆணையருக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனி ஏதாவது செய்யும் என்று காத்திருந்தோம் என்பதைத் தகுந்த காரணமாக எல்லா ஆணையரும் ஏற்பதில்லை.

போன காலத்தோடு சான்றும் போய்விட்டது. ட்ரைக்ளோர் உடம்புக்குள் ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறும். வேலை வாரத்தின் கடைசி நாளில் சிறுநீர் எடுத்துப் பரிசோதித்தால், எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று எண்ணாகவே வந்துவிடும். வேலையை நிறுத்திச் சில வாரங்களில் அந்தத் தடயம் கரைந்துவிடும். 2024 ஏப்ரலில் அந்த ஒரு சோதனை செய்திருந்தால் இன்று வாதாடவே தேவை இருந்திருக்காது. மருத்துவரிடம் அவர் செய்த வேலையை முழுதாகச் சொன்னீர்களா? கம்பெனி வேலை என்று மட்டும் சொல்லியிருந்தால், நோயாளிக் குறிப்பில் அவ்வளவுதான் ஏறியிருக்கும். தொழிற்சாலைகள் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி, அட்டவணை நோய் கண்ட தொழிலாளியைப் பார்க்கும் மருத்துவர் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ட்ரைக்ளோர் என்ற சொல்லையே கேள்விப்படாத மருத்துவர் எதைத் தெரிவிப்பார்?

கையெழுத்துக்கு வருகிறேன். அதைப் போட்டிருக்கக் கூடாது, நகல் வாங்காமல் போட்டிருக்கவே கூடாது. ஆனாலும் அந்தத் தாளைக் கண்டு பயந்து வீட்டில் இருக்க வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகவோ குறைத்துக்கொள்வதாகவோ தொழிலாளி எழுதிக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று இழப்பீட்டுச் சட்டத்தின் பிரிவு 17 சொல்கிறது. ஒப்பந்தக்காரரின் ஆள், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்று கம்பெனி சொன்னாலும், பிரிவு 12 முதன்மை முதலாளியைப் பொறுப்பாக்குகிறது.

இழப்பீட்டு ஆணையர் முன் போவதற்குள் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். 14 பேர் வேலை செய்யும் தொழிற்சாலை, 16,000 சம்பளம் என்கிறீர்கள். பத்துப் பேருக்கு மேல், 21,000 ரூபாய் வரம்புக்குள் என்பதால் இ.எஸ்.ஐ. இருந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம் பிடித்திருக்கிறார்களா, 10 இலக்கக் காப்பீட்டு எண் ஏதாவது தந்தார்களா என்று தேடிப் பாருங்கள். இ.எஸ்.ஐ.க்குள் வருபவர் இழப்பீட்டுச் சட்டத்தில் கேட்க முடியாது. அவருக்கு வாசல் வேறு, கெடுவும் வேறு. தொழில்சார் நோய் அட்டவணை அங்கேயும் உண்டு. சென்னை கே.கே. நகர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் தொழில்சார் நோய்களுக்கென்றே மையம் இருக்கிறது. பதிவு செய்யாமல் முதலாளி ஏமாற்றியிருந்தால் அது தனிச் சிக்கல். அதைக் கடிதத்தை வைத்துக்கொண்டு தீர்க்க முடியாது. இரண்டு வாசலில் எதில் ஏறுவது என்று குழம்பி ஏப்ரலைத் தவறவிடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்களின் இடத்தில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. உங்கள் கணவரின் பாதிப்பு அதற்கு முந்தையது. பழைய சட்டத்தில் பிறந்த உரிமை, சட்டம் மாறிய காரணத்தால் மட்டும் அழிவதில்லை. ஆனால் மனுவை எந்தச் சட்டத்தின் பெயரில், எந்த அதிகாரி முன் போடுவது என்பதை உங்கள் காகிதங்களைப் பார்க்கும் வழக்கறிஞர்தான் முடிவு செய்ய வேண்டும். அதில் என் ஊகத்தை நம்பிக் கால் வைக்க வேண்டாம்.

காகிதம் சேர்க்க இன்னும் வழி இருக்கிறது. வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் அதன் பாஸ்புக்கில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை யாரிடம் வேலை என்பது பதிவாகியிருக்கும். அதை யாரும் மறுக்க முடியாது. மருத்துவமனையில் நோயாளிக் குறிப்பு முழுவதின் சான்றிட்ட நகலை எழுதிக் கொடுத்து வாங்குங்கள். முதல் தேதி அதில்தான் இருக்கும். கம்பெனிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் தனித்தனியாக, நோய் இன்னது, வேலை இன்னது என்று ஸ்பீடு போஸ்ட்டில் அறிவிப்பு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதிலேயே, தொழிற்சாலைகள் சட்டத்தின் பிரிவு 41சி-யின்படி அவருடைய உடல்நலப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். நச்சுப் பொருளோடு வேலை செய்பவருக்கு, வேலையில் அமர்த்தும் முன்னும், பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவதும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது போபாலுக்குப் பிறகு, 1987இல் சேர்த்த பிரிவு. கொடுத்தால் உங்களுக்குச் சான்று. பதிவேடே இல்லை என்றால் அது அவர்கள் மீது குற்றம்.

அந்த ஒர்க்‌ஷாப் எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதாததுதான் எனக்குப் பெரிய குறை. கல்பாக்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. அணுசக்தித் துறை வளாகத்துக்குள் இருக்கும் துறையின் ஆலை என்றால், தொழிற்சாலைச் சட்ட ஆய்வு மும்பையில் தலைமையகம் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கையில். வெளியே புதுப்பட்டினத்திலோ வாயலூரிலோ இருக்கும் தனியார் பட்டறை என்றால், தமிழக அரசின் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். எந்த அலுவலகமோ அங்கே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, அந்த ஆலை என்னென்ன இரசாயனம் வைத்திருப்பதாகத் தெரிவித்திருக்கிறது என்று கேளுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். அது வரும்வரை மனுவை நிறுத்தி வைக்காதீர்கள், பதிலைப் பின்னால் தாக்கல் செய்துகொள்ளலாம்.

கூட வேலை பார்த்தவர்களின் சாட்சியும் எடுபடும். ட்ரைக்ளோரில் வேலை செய்பவர் அன்று மாலை கொஞ்சம் மது குடித்தாலும், முகத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாகச் சிவந்துவிடும். மருத்துவ நூல்களில் பதிவான அடையாளம் இது. பட்டறை ஆட்கள் யாராவது இதைக் கண்டிருந்தால் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். இது உங்கள் கணவருக்கும் பொருந்தும் என்றால், வெட்கப்படாமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். கல்லீரல் கெட்டது குடியால்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லத்தான் போகிறது. குடிப்பழக்கம் உண்டா இல்லையா, மஞ்சள் காமாலை வைரஸ் சோதனைகள் செய்தார்களா என்பது உங்கள் வழக்கறிஞருக்கு முதலில் தெரிய வேண்டும்.

இத்தகைய வழக்கு எவ்வளவு இழுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம்: கொடைக்கானல் பாதரச வெப்பமானி ஆலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட 2016 ஆகிவிட்டது. சங்கமாக நின்ற அவர்களுக்கே அத்தனை வருடம். அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை உடல்நலப் பதிவேட்டை வைத்திருக்கச் சொன்னது. அஸ்பெஸ்டாஸ் ஆலைகளுக்குச் சொன்னதுதான் என்றாலும், தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்ற அதன் அடிப்படையை உங்கள் வழக்கறிஞர் எடுத்து வாதாடலாம்.

எவ்வளவு கிடைக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் நான் எண் சொல்ல மாட்டேன். ஊனத்தின் அளவை மருத்துவச் சான்று சொல்ல வேண்டும். தற்காலிக இயலாமைக்கு மாதச் சம்பளத்தில் 25 சதவீதத்தை அரைமாதத்துக்கு ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து ஆண்டு வரை கேட்கலாம். சிகிச்சைக்குச் செய்த உண்மைச் செலவையும் பில்லோடு கேட்கலாம். மருந்துச் சீட்டுகளைத் தூக்கி எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இந்தப் பதில் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து எழுதியது. இதைக் கத்தரித்து மனுவோடு இணைக்க வேண்டாம். பெண் என்ற முறையில் நீங்களும், தொழிலாளி என்ற முறையில் உங்கள் கணவரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வக்கீல் ஃபீசுக்கு வழியில்லை என்று தள்ளிப்போட வேண்டியதில்லை. செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு இந்த வாரமே இருவரும் நேரில் போங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது மருத்துவமனைச் சீட்டு, வங்கிப் பாஸ்புக், ஆதார் மூன்றும் கையில் இருக்கட்டும். அவர் வேலைக்குப் போகாத முதல் நாள் எது என்பதை ஒரு தாளில் எழுதி, அதைச் சொல்லும் ஏதாவது ஓர் ஆவணத்தோடு சேர்த்து முதலில் எடுத்துக் கொடுங்கள்.