தவறினோரும் திருச்சபையும்

திருச்சபைச் சரித்திரத்தை வாசிக்கும் நாம் பெரும்பாலும் இரத்தசாட்சிகளின் மரணங்களையே மனத்தில் இருத்துகின்றோம். பொலிக்கார்ப்பு அக்கினிக்கு அஞ்சாது நின்றதையும், பெர்பெத்துவாள் காட்டுமிருகங்களின் முன் விடப்பட்டதையும் அறியாத மாணாக்கர் சிலரே. நில்லாமற் போனவர்களைச் சபை யாது செய்தது என்னும் வினாவையோ நாம் அதிகமாய் எழுப்புவதில்லை. மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இவ்வினா சபையை இரண்டாகப் பிளந்துவிட்டது.

கி. பி. 249ஆம் ஆண்டில் உரோமாபுரிச் சிங்காசனம் ஏறிய தேசியுஸ் சக்கரவர்த்தி, தம் ஆளுகைக்குட்பட்டோர் யாவரும் தேவர்களுக்குப் பலியிட வேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தார். அப்பொழுது வடவெல்லையில் கோத்தர் நெருக்கிக்கொண்டிருந்தனர். பண்டைத் தேவர்களின் தயவை மீண்டும் பெற்றால் இராச்சியம் நிலைபெறும் என்பது அவர் எண்ணம் போலும். பலியிட்டவர் ஒவ்வொருவரும் அதிகாரிகளிடம் சாட்சிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது. அப்பத்திரங்களில் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலிலிருந்து கண்டெடுக்கப்பட்டுள்ளன. முதலாவது பத்திரம் 1893ஆம் ஆண்டில் அச்சேறியது. தேதியுள்ளவை 250ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களைச் சேர்ந்தவை. மனுதாரர் தம் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகியவற்றைக் குறித்து, எக்காலமும் தேவர்களுக்குப் பலியிட்டு வந்ததாகவும், இப்பொழுதும் அதிகாரிகள் முன்னிலையில் பானபலி வார்த்துப் பலிப்பொருளைப் புசித்ததாகவும் சொல்லிக் கையொப்பம் வேண்டுகிறார். வாசகம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றே. முதலைத் தெய்வத்தின் பூசாரிணி ஒருத்தியும் இத்தகைய பத்திரம் வாங்கியிருக்கின்றாள்! ஆகவே கட்டளை கிறிஸ்தவர்களை மாத்திரம் நோக்கி எழுந்ததன்று என்பது பெறப்படும். ஆயினும் அதன் பாரம் முழுவதும் அவர்கள்மேலேயே விழுந்தது.

உரோமாபுரி அத்தியட்சராகிய பபியான் 250ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உயிர்துறந்தார். முதிர்ந்த வயதினராகிய ஒரிகேன் சிறையில் வதைக்கப்பட்டார். ஆப்பிரிக்காவின் தலைநகராகிய கார்த்தேஜிலோ நேர்ந்தது வேறு. பிடிக்கப்படுமுன்னரே ஜனங்கள் சந்தைவெளிக்கு ஓடினர் என்றும், பொழுது சாய்ந்ததால் நாளை வாருங்கள் என்று அதிகாரிகள் சொன்னபோது, இன்றே ஏற்றுக்கொள்ளுங்கள் என்று மன்றாடினர் என்றும் அந்நகரத்து அத்தியட்சர் சிப்பிரியான் வருந்தி எழுதுகிறார். வேறு சிலர் பலியிடாமல், பணம் கொடுத்துப் பத்திரம் மாத்திரம் பெற்றுக்கொண்டனர். கையால் பலியிடவில்லையே, ஆதலின் பாவமில்லை என்பது அவர்கள் கணக்கு.

சிப்பிரியான் அக்காலத்தில் நகரில் இல்லை. மறைவிடத்தில் இருந்து நிருபங்களாலேயே சபையை நடத்திவந்தார். மேய்ப்பன் ஓடிவிட்டான் என்னும் குறிப்பு உரோமாபுரிக் குருமார் எழுதிய நிருபத்திலும் காணப்பட்டது. அவர் மறைந்ததனாலன்றோ சபை தலைவனில்லாமற் போகாது தப்பியது எனலாம். எனினும் மறைந்திருந்தவர், விழுந்தவர்க்கு நியாயம் தீர்ப்பது எளிதாய் இருந்திராது.

இதற்கிடையில் புதியதோர் இடர் எழும்பிற்று. சிறையில் வேதனைப்பட்ட சாட்சிகள், விழுந்தவர்களுக்குச் சமாதானப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாயினர். இன்னானும் அவனைச் சேர்ந்தவரும் சேர்த்துக்கொள்ளப்படுவாராக என்று சிலவற்றில் எழுதப்பட்டிருந்ததாம். இருபது முப்பது பேர் இவ்வொரு சொல்லில் அடங்கிவிடலாமே என்று சிப்பிரியான் முறையிடுகிறார். இராச்சியத்தின் பத்திரத்தை வாங்கி விழுந்தவர், சாட்சிகளின் பத்திரத்தை வாங்கி எழும்ப முயன்றனர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஆனால் இப்பத்திரங்களை வேண்டினோரை எளிதில் இகழலாகாது. உரோமாபுரியில் சாட்சியாய் நின்ற செலெரீனு என்பவர், தம் சகோதரிகள் இருவர் பொருட்டுக் கார்த்தேஜ் சிறையிலிருந்த நண்பருக்கு எழுதிய நிருபம் இன்றும் உள்ளது. ஒருத்தி பலியிடாதிருக்கப் பணம் கொடுத்தவள். பாதிவழி ஏறித் திரும்பியவள். விழுந்தபின் அச்சகோதரிகள் கார்த்தேஜிலிருந்து வந்த அறுபத்தைந்து சாட்சிகளை எதிர்கொண்டு உபசரித்தனர். செலெரீனுவோ உயிர்ப்புப் பண்டிகை நாளிலும் அழுதுகொண்டிருந்ததாக எழுதுகிறார். சகோதரிகளுக்கு வாயில் அடைபட்டதென்று இவரிடம் யார் சொல்லக்கூடும்?

251ஆம் ஆண்டில் தேசியுஸ் கோத்தரோடு செய்த போரில் மடிந்தார். அவ்வாண்டிலேயே சிப்பிரியான் திரும்பிவர, கார்த்தேஜில் அத்தியட்சர்கள் கூடினர். எல்லாரையும் ஒரே கோலால் அளக்கவில்லை என்பதே அச்சங்கத்தின் பெருமை எனக் கருதுகின்றோம். உடனே விரும்பிச் சென்றவனும், நெடுநேரம் போராடித் தளர்ந்தவனும் சமமல்லர். மனைவி மக்களைக் காக்கத் தான் ஒருவனாகச் சென்று பலியிட்டவன், வீட்டாரையெல்லாம் இழுத்துச் சென்றவனுக்கு ஒப்பல்லன். பத்திரம் மாத்திரம் வாங்கினோர் விசாரணைக்குப்பின் சேர்க்கப்பட்டனர். பலியிட்டோர் நெடுநாள் மனந்திரும்பி நின்று மரணத்தறுவாயில் சமாதானம் பெறலாம் எனத் தீர்ந்தது. அடுத்த ஆண்டில் மீண்டும் உபத்திரவம் வருமென்னும் அச்சம் பிறந்தபோது, மனந்திரும்பி நின்றோர் யாவரையும் சேர்த்துக்கொண்டனர். போருக்குப் போகிறவர்களை ஆயுதமில்லாமல் அனுப்பலாகாது என்பது அவர்கள் கூறிய நியாயம்.

உரோமாபுரியில் நொவாத்தியன் இதற்கு இணங்கவில்லை. பலியிட்டவரைச் சபை மன்னித்தற்கு அதிகாரமில்லை என்று சொல்லி, கொர்நேலியு அத்தியட்சருக்கு எதிராகத் தனிச்சபை நாட்டினார். அச்சபை பல தலைமுறைகள் நிலைத்தது. 325ஆம் ஆண்டு நிசேயாவில் கூடிய சங்கத்திற்கு அவர்களுடைய அத்தியட்சர் ஒருவர் வந்திருந்தார் என்றும், அவர் கொள்கையைக் கேட்ட கொன்ஸ்தந்தீன் சக்கரவர்த்தி, ஓர் ஏணியை வைத்து நீர் ஒருவரே வானத்திற்கு ஏறும் என்னும் கருத்துப்படப் பரிகசித்தார் என்றும் சோக்கிராத்தெஸ் என்னும் சபைச் சரித்திரக்காரர் எழுதியுள்ளார். நொவாத்தியர் கல்நெஞ்சர் எனத் தள்ளிவிடவும் கூடாது; நின்று மாண்டவர்களின் இரத்தத்திற்கு விலையில்லாமற் போகுமோ என்னும் அச்சமே அவர்களை அவ்வாறு பேசுவித்தது.

சிப்பிரியானுக்கும் வேளை வந்தது. வலேரியான் சக்கரவர்த்தி காலத்தில், 257ஆம் ஆண்டு, அவர் கூருபி என்னும் கடற்கரை ஊருக்குக் கடத்தப்பட்டார். மறு ஆண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் கார்த்தேஜுக்கு அண்மையில் தலை வெட்டுண்டு மரித்தார். இம்முறை அவர் ஒளிந்து தப்பவில்லை. சபையார் அவர் முன்னே துணிகளை விரித்தனர். வெட்ட வந்தவனுக்கு இருபத்தைந்து பொற்காசுகள் கொடுக்கும்படி அவர் கட்டளையிட்டு, தம் கண்களைத் தாமே கட்டிக்கொண்டார்.