யார் சொன்னது? – உடல்நலக் கல்விக்கு நூலகம் காட்டும் வழி

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பர் பெரியோர். நம் உடல் தூய ஆவி தங்கும் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு அறிவுறுத்தினார். அவ்வாலயத்தைப் பேணும் முறையைக் கற்பிப்பவையே உடற்பயிற்சி அறிவியலும் உடல்நலக் கல்வியும். மேற்படிப்பில் இப்பாடங்களை எடுக்க விரும்பும் மாணவியர் நம்மிடையே பலர். அவர்கள் நூலகத்தில் எதை, எங்கே, எவ்வாறு தேட வேண்டும் என்பதை எங்களுக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே இங்கு விளக்க முற்படுகிறோம்.

பள்ளியில் நடந்த உடல்நலக் கண்காட்சிக்காக நாங்கள் ஒரு விளக்கப்படம் எழுதினோம். "நலமாய் வாழ நாள்தோறும் 10,000 அடிகள் நடப்பீர்" என்பது அதன் தலைப்பு. எங்களுள் ஒருத்தியின் பாட்டி அதைப் பார்த்துவிட்டுச் சென்றார். முழங்கால் வலியோடும் நாள் தவறாமல் கோயிலுக்கு நடந்து வந்தவர் அவர். மறுநாள் முதல் நடப்பதையே நிறுத்திவிட்டார். "பத்தாயிரம் என்னால் ஆகுமா, கண்ணு? நான் நடக்கிறது கணக்கிலேயே சேராதாமே!" என்றாராம். நடக்கச் சொல்லி எழுதிய எழுத்து, நடந்தவரை உட்கார வைத்துவிட்டதே என்று வருந்தினோம்.

நூலகப் பொறுப்பாளரான சிஸ்டரிடம் சென்று சொன்னோம். அவர்கள் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் கேட்டார்கள். "யார் சொன்னது? எப்போது சொன்னது? யாரைச் சோதித்துச் சொன்னது?" ஒன்றுக்கும் எங்களிடம் விடையில்லை. அன்று மாலையே தேடலைத் தொடங்கினோம்.

முதற்படி, நூல் அடுக்குகள். டியூயி தசமப் பகுப்பு முறையில் மனித உடலியலுக்கு 612 என்பது எண். தனிமனித உடல்நலம் 613. அதனுள் உடற்பயிற்சி 613.7. விளையாட்டுகளோ 796. ஆக, நமக்கு வேண்டிய பொருள் மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. விளையாட்டு அடுக்கை மட்டும் பார்த்துத் திரும்புகிறவள் பாதிக்குமேல் இழக்கிறாள். நூல்களில் அடிப்படை அறிவும் சரியான கலைச்சொற்களும் கிடைக்கும். ஆனால் நூல் எழுதி அச்சேறக் காலம் பிடிக்கும். அண்மை ஆய்வுகளை ஆய்விதழ்களில்தான் காணலாம்.

இரண்டாம் படி, ஆய்விதழ்களுக்கான அட்டவணை. உலக மருத்துவ இதழ்களில் வெளிவரும் கட்டுரைகளைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் 'இண்டெக்ஸ் மெடிக்கஸ்' என்னும் பட்டியலை 1879-இல் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற அமெரிக்கப் படை மருத்துவர் தொடங்கினார். அதன் வழிவந்ததே 'பப்மெட்'. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் இதனை 1997 முதல் எவரும் கட்டணமின்றிக் கணிப்பொறியில் பயன்படுத்தலாம். மூன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குறிப்புகள் இதில் உள்ளன. பல கட்டுரைகளுக்குச் சுருக்கம் மட்டுமே கிடைக்கும். முழுக் கட்டுரைகளை இலவசமாகத் தரும் 'பப்மெட் சென்ட்ரல்' என்னும் பகுதி 2000-இல் தொடங்கப்பட்டது.

மூன்றாம் படி, தேடுசொல். நாங்கள் முதலில் 'ஸ்டெப்ஸ்' என்று மட்டும் தேடினோம். மாடிப்படிகள், மருந்து செய்யும் படிகள் எல்லாம் வந்து குவிந்தன! பிறகு நடை, முதியோர், இறப்பு விகிதம் என்பவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களையும் சேர்த்துக் கொடுத்தோம். கடல் குளமாயிற்று. அந்நூலகம் 1960 முதல் வைத்திருக்கும் பொருள்தலைப்புப் பட்டியல் இதற்குத் துணை செய்யும்.

நான்காம் படியே தலையாயது: பிறர் சொன்னதை விட்டு மூலக் கட்டுரையையே படித்தல். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐ-மின் லீயும் குழுவினரும் 2019-இல் 'ஜாமா இன்டர்னல் மெடிசின்' இதழில் எழுதிய கட்டுரை கிடைத்தது. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு 'பத்தாயிரம் அடிமானி' என்ற பொருளில் பெயரிட்டிருந்தார்கள். 10,000 என்ற எண் பெரும்பாலும் அப்பெயரிலிருந்தே பரவியிருக்கலாம் என்று அதன் முன்னுரை கூறுகிறது. நாங்கள் மருத்துவ விதி என்று நம்பியது ஒரு வணிகப் பெயர்!

அவ்வாய்வில் 16,741 பெண்மணிகளின் நடை கணக்கிடப்பட்டது. அவர்களின் சராசரி வயது 72. நாளொன்றுக்குச் சுமார் 2,700 அடிகள் நடந்தவர்களைவிட, சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாயிருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகள் வரை நன்மை கூடியது, அதற்குமேல் கூடவில்லை.

இங்கும் எச்சரிக்கை வேண்டும். நடந்ததால் நலமா, நலமாயிருந்ததால் நடந்தார்களா என்பதை இத்தகைய ஆய்வு முற்றிலும் பிரித்துக் காட்டாது. மேலும் அவர்கள் அமெரிக்கப் பெண்கள். நமக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ளலாகாது. எனவே ஒரே கட்டுரையோடு நில்லாமல், உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரைகளையும் ஒப்பிட்டோம். சும்மா இருப்பதைவிடச் சிறிது இயங்குவதும் நன்று என்பதே அங்கும் கண்ட கருத்து. 5 முதல் 17 வயது வரை உள்ள நமக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டுமாம். தோழியரே, இதையும் கவனியுங்கள்!

விளக்கப்படத்தை மாற்றி எழுதினோம். "இயன்ற அளவு நடப்பீர், சிறு நடையும் கணக்கில் சேரும்" என்று தலைப்பிட்டு, அடியில் ஆய்வின் விவரத்தையும் குறித்தோம். பேத்தி அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாள். மருத்துவரிடம் முழங்காலைக் காட்டி ஆலோசனை கேட்டபின், பாட்டி இப்போது கைத்தடியுடன் மீண்டும் கோயிலுக்கு நடந்து வருகிறார்.

உடல்நலத்தைப் பற்றி நாம் எழுதும் ஒவ்வொரு வரியையும் யாரோ ஒருவர் நம்பி நடப்பார். அல்லது நடக்காமல் நின்றுவிடுவார். ஆகவே, அன்புச் சகோதரிகளே, எழுதுமுன் சிஸ்டரின் மூன்று கேள்விகளோடு நூலகத்தின் வாயிலில் நுழைவோம். உண்மையைத் தேடி எடுத்துச் சொல்வதும் பிறரன்புப் பணியே அன்றோ!