கையைக் கடிக்காமல் ஒரு ஹாட் ராட்

அமெரிக்காவில் ஹாட் ராட் (வேகத்துக்காக மாற்றிக் கட்டிய பழைய கார்) கட்டுகிறவர்கள் ஆசைப்படுவது 1932 ஃபோர்டு பாடிக்குத்தான், விலையும் அதற்கேற்பத்தான். நான்கு கதவு செடானைத் தேடுங்கள், மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் கதவின் அடிவிளிம்பில் ஒரு சிறு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் மேலே பட்டி, உள்ளே துரு.

அடுத்து இன்ஜின். ஃபோர்டின் பழைய ஃபிளாட்ஹெட் வி8 கண்ணுக்கு அழகு. ஆனால் உதிரிபாகம் பணத்தை விழுங்கும். ஓடுகிற நிலையில் பழைய ஷெவர்லே பிக்கப் ஒன்றை முழுதாகவே வாங்குங்கள். அதன் 350 இன்ஜின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் பயன்படும்; மிச்சத்தை விற்றால் பாதிப் பணமாவது திரும்பலாம்.

பெயின்ட், குரோம் பிறகு பார்க்கலாம். பிரேக்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்: 1939க்கு முந்தைய ஃபோர்டு கார்களில் ஹைட்ராலிக் பிரேக்கே கிடையாது. புது மாஸ்டர் சிலிண்டர், புது பிரேக் குழாய் போட்ட பிறகே வண்டியைச் சாலைக்கு எடுங்கள்.