குளிர்பொருள்களை வீடு சேர்க்கும் செலவு

கைபேசி வழியே பாலும் பன்னீரும் காய்கறியும் வரவழைத்துக்கொள்ளும் வழக்கம் நகரங்களில் வேரூன்றிவிட்டது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சிலவும் இவ்வாணிபத்தில் இறங்கியுள்ளன. விளைவிக்கும் செலவைக் காசு காசாகக் கணக்கிடும் நாம், பொருளைக் குளிர் குன்றாமல் வாயிற்படி சேர்க்கும் செலவையும் அங்ஙனமே கணக்கிடல் வேண்டும். இன்றேல் பங்குதாரர்களான சிறு விவசாயிகளின் முதல் கரைந்துபோகும். அமெரிக்காவில் வெப்வான் என்னும் நிறுவனம் 1999இல் இணையவழி மளிகை விநியோகத்தைத் தொடங்கிப் பெரும் பண்டகசாலைகளை எழுப்பியது. அவற்றின் செலவுக்கு ஈடுகொடுக்குமளவு ஆர்டர்கள் சேரவில்லை. 2001 ஜூலையில் அது திவாலாயிற்று.

முதற்கண் வண்டியைப் பார்ப்போம். ஓட்டுநர் கூலி, எரிபொருள், தேய்மானம் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 1,500 ரூபாய் என்று கொள்வோம். சிதறிக் கிடக்கும் 20 வீடுகளுக்குச் சென்றால் வீடு ஒன்றுக்கு 75 ரூபாய் ஆகும். அடுத்தடுத்த தெருக்களில் 60 வீடுகள் என்றால் 25 ரூபாயே. ஆகவே இன்ன பகுதிக்கு இன்ன கிழமை என்று வரையறுத்து, முதல்நாள் மாலையுடன் ஆர்டர்களை முடித்துக்கொள்வது நலம். பத்து நிமிடத்தில் கொண்டுவருவோம் என்று பெருமுதலாளிகள் விளம்பரம் செய்யட்டும், அப்பந்தயம் நமக்குரியதன்று.

இனிக் குளிர்ச்சி. இங்கேதான் வீண்செலவு மிகுதி. கறந்த சூட்டோடு வைத்த பாலைப் பெட்டியிலிட்ட பனிக்கட்டி குளிர்விக்கும் என்று எண்ணுவது பிழை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுங்கால் 80 கிலோகலோரி வெப்பத்தை ஏற்கும். 20 லிட்டர் பாலை 30 பாகையிலிருந்து 4 பாகை செல்சியஸுக்குக் கொணர ஏறத்தாழ 500 கிலோகலோரியை நீக்க வேண்டும். அதற்கு 6 கிலோவுக்கு மேற்பட்ட பனிக்கட்டி தேவை. அதே பாலைச் சங்கத்தின் குளிர்கலத்தில் முன்னரே குளிர்வித்து, 4 செ.மீ. கனமுள்ள தெர்மாகோல் பெட்டியில் வைத்தால், மூன்று மணி நேரப் பயணத்திற்கு 2 கிலோவே போதும். பெட்டியின் வேலை குளிரைக் காப்பது, உண்டாக்குவதன்று. மூடியைத் திறக்குந்தோறும் குளிர் வெளியேறுவதால், ஒரு பெரிய பெட்டியைவிடத் தெருவுக்கொன்றாகச் சிறு பெட்டிகள் சிறந்தவை.

எல்லாப் பொருளுக்கும் ஒரே குளிர் வேண்டுவதில்லை. பாலும் பன்னீரும் 4 பாகையளவில் இருத்தல் வேண்டும். தக்காளி, கத்தரி, வெண்டை, வாழைப்பழம் ஆகியவற்றை அவ்வளவு குளிரில் வைத்தால் கெடும். காசு கொடுத்துக் கெடுப்பதாக முடியும். இவற்றை அனுப்பும்வரை வைத்திருக்க, டில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய மின்சாரம் வேண்டாத குளிர் அறை ஏற்றது. இரட்டைச் செங்கற்சுவருக்கு நடுவே ஈரமணல் நிரப்பிய எளிய அமைப்பு அது. வறண்ட உள்மாவட்டங்களில் நன்கு பயன்படும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரையூர்களில் அத்துணைப் பயன் தராது.

ஆளில்லா வீட்டிலிருந்து திரும்பி வரும் பொருளுக்கு இருமுறைச் செலவு. இதற்கு மாற்று, வாங்குவோர் தாமே வந்து பெற்றுக்கொள்ளும் பொது இடமாகும். நகரையொட்டிய ஊராட்சிகள் தம் கட்டடத்தில் ஓர் அறையை, முறையான தீர்மானத்தின் பேரில், வாடகைக்கு அளிக்கலாம். ஒரு குளிர்சாதனப் பெட்டியும் தனி மின் அளவியும் அங்கே அமையட்டும். அங்கு வந்து பெறுவோருக்கு விநியோகக் கட்டணம் விலக்கப்படுமாயின் பலரும் மனமுவந்து வருவர். காலிப் பெட்டிகளையும் அவர்களே திருப்பிக் கொணர்வர்.