கேன்சர் வார்டில் ஒற்றைக்கால் வீக்கம்

கேன்சர் வார்டில் டியூட்டி டாக்டராகவோ ஸ்டாஃப் நர்ஸாகவோ சேர்ந்திருக்கிறீர்களா? கூடிய சீக்கிரம் இதைக் கேட்பீர்கள்: "இந்தக் கால் மட்டும் கனமா இருக்கு சிஸ்டர்." இல்லையென்றால், "பாத்ரூம் போய்ட்டு வந்தாலே மூச்சு வாங்குது." கீமோ அசதி, ரத்தசோகை, ஆல்புமின் குறைவு என்று பதில் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். அதைச் சொல்வதற்கு முன் ரத்த உறைவை நினையுங்கள். புற்றுநோய்க்கும் உறைவுக்கும் உள்ள தொடர்பைப் பாரிஸ் மருத்துவர் ஆர்மான் ட்ரூசோ 1865-லேயே எடுத்துச் சொல்லிவிட்டார். ஆனாலும் எல்லாத் தொல்லைக்கும் புற்றுநோய் மேலேயே பழியைப் போட்டுவிட்டு நகரும் பழக்கம் வார்டுகளில் இன்னும் போகவில்லை.

முதலில் டேப்பை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தடவினால் ஓர் எலும்பு மேடு தட்டுப்படும். அங்கிருந்து 10 செ.மீ. கீழே பேனாவால் குறியிட்டு, இரண்டு கால்களையும் சுற்றளவு எடுங்கள். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் இருந்தால், கால் சிரை உறைவின் வாய்ப்பை மதிப்பிடும் வெல்ஸ் கணக்கில் ஒரு புள்ளி. சிகிச்சையில் இருக்கும் புற்றுநோய்க்குத் தனியாக ஒரு புள்ளி. 'லேசான வீக்கம்' என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் அடுத்த ஷிஃப்டுக்கு எதுவும் புரியாது, எண்ணை எழுதுங்கள். வீட்டார் தைலம் தேய்த்துக் காலை உருவிவிட்டுக்கொண்டிருந்தால் அன்போடு நிறுத்தச் சொல்லுங்கள்.

போர்ட், பிக் லைன் போட்டவர்களிடம் கையையும் கழுத்தையும் பாருங்கள். மோதிரம் திடீரென்று இறுகுவதுகூட உறைவுக்கு ஒரு தடயம்தான்.

அடுத்து டி-டைமர் ரத்தப் பரிசோதனை. ரத்தக்கட்டி இல்லாவிட்டாலும் புற்றுநோயில் இது பெரும்பாலும் ஏறியே நிற்கும். அதனால் கூடியிருப்பதை வைத்து எதையும் உறுதிப்படுத்த முடியாது. சந்தேகம் வலுவாக இருக்கும்போது ரிசல்ட் இயல்பாக வந்தாலும் அதை நம்பி விட்டுவிட முடியாது. இதற்காகக் காத்திருந்து அரை நாளை இழப்பதைவிட நேரே டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்புவதே என் தேர்வு. புரோபால் அழுத்தும்போது நல்ல சிரை தட்டையாக மடங்கும். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் மடங்காது. தொடையிலிருந்து முழங்கால்வரை மட்டும் பார்த்து 'இல்லை' என்று வந்தும் சந்தேகம் தீரவில்லையா? ஒரு வாரத்தில் மறுபடி எடுங்கள்.

ஸ்கேன் கேட்கும் விதத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "சார், கணையப் புற்றுநோய், கீமோ முடிஞ்சு எட்டு நாள். இடது கெண்டைக்கால் 4 செ.மீ. கூடுதல். பிளேட்லெட் 90,000, கிரியாட்டினின் 1.1, ரத்தக்கசிவு இல்லை. இன்னைக்கே டாப்ளர் வேணும்." கணையமும் இரைப்பையும் உறைவு அபாயம் மிக அதிகமுள்ள இடங்கள் என்பது ரேடியாலஜிஸ்டுக்கும் தெரியும். பிளேட்லெட்டைக் கையில் வைத்திருங்கள். 50,000-க்குக் கீழே போனால் முழு டோஸ் ஹெப்பாரின் ஊசி பற்றிச் சீனியர்தான் முடிவெடுக்க வேண்டும்.

மூச்சுத்திணறல், நூறைத் தாண்டிய நாடித்துடிப்பு, குறையும் ஆக்ஸிஜன் அளவு என்றால் நுரையீரல் தமனிக்கான சிடி ஆஞ்சியோ வேண்டும். முழங்கை மடிப்பில் நல்ல கேனுலா போட்டு அனுப்புங்கள். சிறுநீரகம் கான்ட்ராஸ்ட் தாங்காது என்றால் வி-க்யூ ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். பிபி சரிந்துகொண்டிருப்பவரை மட்டும் சிடி அறைக்குத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். சீனியரை வரவழையுங்கள், படுக்கையிலேயே எக்கோ பார்க்கட்டும்.

யாரும் தேடாமலே கிடைக்கும் ரத்தக்கட்டிகளும் உண்டு. கீமோவுக்குப் புற்றுநோய் சுருங்கியதா என்று பார்க்க எடுத்த சிடியில், ரிப்போர்ட்டின் கடைசி வரிகளில், நுரையீரல் தமனியில் அடைப்பு என்று இருக்கும். நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இருக்காது. பொதுவாக அதற்கும் சிகிச்சை உண்டு. ரிப்போர்ட்டைக் கடைசி வரிவரை படியுங்கள். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிருந்தால் அன்றைக்கே போன் செய்து கூப்பிடுங்கள், அடுத்த ஓ.பி. வரை தள்ளிப்போட வேண்டாம்.